ஸ்கேனில் தெரியாத வலி

பார்கின்சன் நோய் என்றால் கை நடுக்கமும் தளர்ந்த நடையும்தான் நம் நினைவுக்கு வரும். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் தம் கட்டுரையில் முதன்மையாக விவரித்தவையும் அவைதான். நோயாளிகளோ வீட்டில் வேறு பலவும் சொல்கிறார்கள். தோள் இறுகிப்போகிறது, அடிவயிறு எரிகிறது, ஒரு கால் திடீரென்று மரத்துப்போகிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாலும் எதுவும் அகப்படுவதில்லை. “எல்லாம் நல்லாத்தானே இருக்குப்பா, சும்மா நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க” என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் பெரியவர் வாயை மூடிக்கொள்கிறார். அதன்பின் மருத்துவரிடமும் சொல்வதில்லை.

அந்த வலி உண்மையானது. அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் கேள்வி.

மூளையை ஒரு ரயில் வலைப்பின்னலாக நினைத்து, சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டப்பாதை என மூன்று எம்ஆர்டி பாதைகள் அங்கே கூடுகின்றன. லிட்டில் இந்தியாவில் ஏறுபவர் அடுத்த நிறுத்தமான டோபி காட்டில் மாறினால் நொவீனா. மாறாமல் அதே ரயிலில் தொடர்ந்தால் ஊட்ரம் பார்க். தேசிய நரம்பியல் கழகத்தின் மருத்துவர்கள் அந்த இரு வட்டாரங்களிலும் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். டோபி காட்டில் ரயில்கள் தாமதமானால், தண்டவாளத்தைப் படம் எடுத்து என்ன பயன்? தண்டவாளம் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண எம்ஆர்ஐ காட்டுவது மூளையின் அமைப்பை மட்டுமே. எந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன என்பதை அறிய, ரத்த ஓட்டத்தில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைப் பின்தொடரும் செயல்பாட்டு எம்ஆர்ஐ வேண்டும்.

மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இன்சுலா என்ற பகுதி இருக்கிறது. இதயத் துடிப்பு, குடலசைவு, வலி ஆகிய உடலின் உள்செய்திகள் அங்கே வந்து சேர்கின்றன. எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரிக்கும் வலைப்பின்னலின் மையம் அது. பார்கின்சனில் டோபமைன் குறைகிறது. ஆல்ஃபா-சினூக்ளீன் என்ற புரதத்தின் படிவுகள் இன்சுலாவிலும் சேரக்கூடும். அதனால் அந்தப் பின்னல் மற்ற பின்னல்களோடு கொள்ளும் தொடர்பு மாறுகிறது. சாதாரணக் குடலசைவும் இப்படித்தான் வலியாக உணரப்படலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். எனக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இத்தாலியில் மார்கோ ஒனோஃப்ரி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பார்கின்சன் நோயாளிகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு இத்தகைய காரணம் பிடிபடாத உடல் தொல்லைகள் இருந்தன. லூயி உருண்டை மறதிநோய் உள்ளவர்களிடம் அது 12 விழுக்காடு. மருந்து பலன் தரும் என்ற எதிர்பார்ப்புக்கும் டோபமைனுக்கும் உள்ள உறவை வான்கூவரில் 2001இல் நடந்த ஒரு சோதனை காட்டியது. வெற்று மருந்து கொடுக்கப்பட்ட பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் உண்மையாகவே டோபமைன் சுரந்தது. மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்துப் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வலியைப் போலவே, மூளையின் அமைப்பில் கோளாறு தெரியாமல் அதன் இயக்கத்தில் எழும் நடுக்கமும் உண்டு; செயல்பாட்டு நடுக்கம் எனப்படும் அதை மருத்துவர் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு கை நடுங்கும்போது மறு கையால் ஒரு தாளத்தில் தட்டச் சொல்வார். பார்கின்சன் நடுக்கம் தன் வேகத்திலேயே போகும். செயல்பாட்டு நடுக்கமாக இருந்தால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். நடிக்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. இதற்கென்று பயிற்சி பெற்ற உடற்பயிற்சி சிகிச்சையாளரும் உளவியல் சிகிச்சையும் உதவ முடியும்.

ஆனால் எல்லா வலியையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. விடியற்காலையில் பாதம் முறுக்கி வலித்தால், இரவு எடுத்த பார்கின்சன் மருந்தான லெவோடோபாவின் வேகம் தீர்ந்துபோனது காரணமாக இருக்கலாம். மருந்து நேரத்தை மாற்றினாலே அது தணியக்கூடும். ஆகவே மாத்திரை எடுத்த நேரத்தையும் வலி வந்த நேரத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்து, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.