ஹாரிஸ் பார்க்: சிட்னியின் 'லிட்டில் இந்தியா'வில் யார் வாழ்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளிடம் "சிட்னில எங்கப்பா தங்கப் போற?"னு கேட்டால், அடிக்கடி காதில் விழும் பெயர் ஹாரிஸ் பார்க். இன்றைக்கு அந்த ஒரு புறநகரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள், ஏன் அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்கலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்கே பரமட்டா என்று ஒரு பெரிய வணிக மையம் இருக்கிறது. சிட்னி நகர மையத்திலிருந்து ரயிலில் போனால் அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி ஹாரிஸ் பார்க். அங்கிருந்து பரமட்டாவுக்கு நடந்தே போகலாம். ஊர் ரொம்பச் சின்னது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5,000 பேர்தான்.

ஆனால் அந்த 5,000 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய ஒரு ஒப்பீடு: ஆஸ்திரேலியா முழுக்க எடுத்தால், எல்லா வெளிநாடுகளும் சேர்த்தே, வெளியே பிறந்தவர்கள் 27.6%. இங்கே ஒரு நாட்டுக்காரர்கள் மட்டுமே பாதி.

சரி, இந்தியர்கள்னா எந்த இந்தியர்கள்? இங்கே வீட்டில் பேசப்படும் இந்திய மொழிகளில் குஜராத்திக்குத்தான் முதலிடம். அப்புறம் இந்தி, பஞ்சாபி. நேபாளிகளும் கணிசமாக இருக்கிறார்கள். சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருப்பது இன்னும் கொஞ்சம் மேற்கே, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம். சிட்னி முருகன் கோயிலும் ஹாரிஸ் பார்க்கில் இல்லை, பக்கத்து மேஸ் ஹில்லில் இருக்கிறது. ஆக, 'இந்தியர் பகுதி' என்று கேள்விப்பட்டு, தமிழ்ச் சூழலை எதிர்பார்த்துப் போனால் அது கிடைக்காது.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். 2016 கணக்கெடுப்பில் இங்கே 5,800-ஐ ஒட்டி மக்கள் இருந்தார்கள். 2021-ல் குறைந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் நாடு முழுக்க இந்தியர் எண்ணிக்கை வேகமாக ஏறியது. அப்படியிருக்க, இங்கே மட்டும் எப்படிக் குறைந்தது? அந்தக் கணக்கெடுப்பு நடந்தது 2021 ஆகஸ்ட் 10-ம் தேதி. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய எல்லையை அப்போது இன்னும் திறக்கவில்லை. புதிதாக மாணவர்கள் வரவே முடியாத நேரம். பழையவர்களோ வழக்கம்போலக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த ஊரின் இயல்பு இதில் தெரிகிறது பாருங்க. ஹாரிஸ் பார்க் மக்கள் நிலைத்து வாழும் ஊர் என்பதைவிட, வந்து இறங்கி, கொஞ்ச காலம் இருந்து, அடுத்த இடத்துக்கு நகரும் ஊர். மற்ற தகவல்களும் இதோடு பொருந்துகின்றன. இங்கே பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். வீடுகளில் பெரும்பாலானவை அடுக்குமாடி ஃபிளாட்டுகள், அதிலும் வாடகைக்கு இருப்பவர்களே அதிகம். வேலை நிலைத்து, கல்யாணமாகி, குழந்தை பிறந்ததும் தோட்டத்தோடு தனி வீடு தேடி மேற்கே, வடமேற்கே போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள்.

இப்படி ஆள் மாறுவது இந்த மண்ணுக்குப் புதுசில்லை. இது தாருக் மக்களில் ஒரு குலமான பரமட்டகல் மக்களின் நிலம். 1789-ல், கைதியாகக் கப்பலில் வந்த ஜேம்ஸ் ரூஸுக்கு ஆளுநர் பிலிப் இங்கே நிலம் கொடுத்து, ஒருவர் பயிர் செய்து சொந்தக் காலில் நிற்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். அந்த நிலத்தைப் பிற்பாடு வாங்கிய ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவரின் பெயர்தான் ஊருக்கு நின்றது. இருபதாம் நூற்றாண்டில் லெபனான் மக்கள் வந்தார்கள். அவர்களுடைய மாரோனைட் பேராலயம் இன்றும் இங்கேதான் இருக்கிறது. குடும்பங்கள் பல இடம் மாறிய பிறகும் கோயில் நிற்கிறது.

இன்றைக்கு விக்ரம் ஸ்ட்ரீட்டில் நடந்தால், பழைய மரவீடுகள் வரிசையாக உணவகங்களாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். வார இறுதியில் சாட், தோசை, தந்தூரி சாப்பிட சிட்னியின் மற்ற பகுதிகளிலிருந்தும் கூட்டம் வருகிறது. 2023 மே மாதம் இந்தியப் பிரதமர் சிட்னி போனபோது 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் 2009 ஜூனில் இதே தெருக்களில் இந்திய மாணவர்கள், தங்கள் மீது நடந்த தாக்குதல்களைக் கண்டித்து இரவில் போராட்டம் நடத்தினார்கள். மாலை நேர வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிற இளைஞர்கள்தான் அன்றைக்கு அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

இதெல்லாம் போகப்போகிற உங்களுக்கு எதற்கு? புதிதாக வருகிறவர்கள் நிறைந்த ஊரில் அறையைப் பகிர்ந்துகொள்வது சகஜம். மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் தனி வீடு எடுப்பது கஷ்டம். அதனால் "நம்ம ஊர்க்காரர்தானே" என்று நம்பி, வாய்வார்த்தையிலேயே அறை எடுத்துவிடுவார்கள். அங்கேதான் சிக்கல். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, வீட்டை எடுத்தவரிடம் உள்வாடகைக்கு இருப்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால், வாடகைதாரருக்கான பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. நம்ம ஊரில் அட்வான்ஸ் என்பதை அங்கே 'பாண்ட்' என்பார்கள். முறையான வாடகை ஒப்பந்தத்தில் அது நான்கு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதை வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளாமல் அரசுத் துறையிடம் கட்ட வேண்டும். ஆகவே, கையில் காசு கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

ஒரு புறநகரைப் பற்றி விசாரிக்கும்போது "நம்ம ஆளுங்க எத்தனை பேர்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். சொந்த வீட்டுக்காரர் எத்தனை பேர், வாடகைக்காரர் எத்தனை பேர், சராசரி வயது என்ன, ஐந்து வருடம் முன்னாடி இதே முகவரியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். முதல் ஆறு மாதத்துக்கு ஹாரிஸ் பார்க் வசதியான ஊர்தான்: ரயில் பக்கம், மளிகை பக்கம், சாப்பாடு பக்கம். அதற்குப் பிறகு எங்கே போவது என்பதையும் இப்போதே கொஞ்சம் யோசித்து வையுங்கள். அடுத்த பகுதியில் சந்திப்போம்.