‘நம்மாள்’ என்கிற விலாசம்

எங்கள் குழுவின் கூட்ட அறிவிப்பு ஒருமுறை யாருக்கும் போய்ச் சேரவில்லை. அறுபது பேருக்கு அனுப்பினோம். வந்தது நாலு பேர். காரணம் தேடிப் போனபோதுதான் மெயில் சர்வருக்குள்ளும் ‘நம்மாள் / வெளியாள்’ என்கிற எதிர்வு எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

1982இல் ஜான் போஸ்டெல் எழுதிய எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் ‘நீ யார்’ என்ற கேள்வியே கிடையாது. எவருடைய கடிதத்தையும் எவருக்கும் கடத்திவிடுவது அப்போது பக்கத்து வீட்டு ஒத்தாசை மாதிரி. குப்பை அஞ்சல் பெருகிய பிறகு அதுவே குற்றமாயிற்று. 1999இல் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு நெறிமுறையோடு சேர்க்கப்பட்டது. சர்வரின் சொந்த ஆட்களுக்கு வரும் கடிதத்துக்கு இது தேவையில்லை. அதன் வழியாக வெளியே அனுப்புகிறவருக்குத்தான்.

ஆனால் விலக்கில்லாத விதி ஏது? பழைய அச்சுப்பொறி, ஸ்கேனர், இதுகளுக்குக் கடவுச்சொல் சொல்லத் தெரியாது. எனவே போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரில் ‘மைநெட்வொர்க்ஸ்’ என்றொரு வரி. அதில் உன் எண்முகவரி இருந்தால் கேள்வி கிடையாது, உள்ளே வா. விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. கடவுச்சொல் விதிக்கு முன்னாலேயே இந்த விதி நிற்கும்.

எங்களுக்கும் ஒரு ஸ்கேனருக்காக விலக்கு வேண்டியிருந்தது. அதன் முகவரிக்குப் பின்னால் /32 என்று போட்டிருந்தால் அந்த ஒன்றோடு முடிந்திருக்கும். சோம்பலில் /24 என்று போட்டோம். 256 முகவரிகள் நம்மவர் ஆயின. அவற்றிலொன்றில் வைரஸ் பிடித்த மடிக்கணினி ஒன்று உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் குப்பையைத் தள்ளியிருக்கிறது. யாரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை, கேட்கப்படவே இல்லை. தடைப்பட்டியலில் எங்கள் சர்வர் ஏறியது. அறிவிப்பு வாசல்தோறும் திருப்பப்பட்டது.

யந்திரம் நம்பியது ஆளை அல்ல, இடத்தை. தெருப்பெயரைக் கேட்டு ஆளை எடைபோடும் நம்மூர் மூளைக்கு இது புதிதல்ல.

இதைவிட மோசம், அனுப்புநர் பெயரைப் பார்த்து விலக்கு தருவது. ‘தோழர் முகவரிதானே, விடு’ என்பார்கள். அது உறைமேல் எழுதிய எழுத்து, எவரும் எழுதலாம். அந்த விலக்கைக் கடத்தல் சோதனைக்கு முன்னால் வைத்தால், அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்த எவனும் நம் சர்வர் வழியாக ஊருக்கெல்லாம் அனுப்புவான். போஸ்ட்ஃபிக்ஸ் எழுதியவர்களே 2015இல் வந்த 3.0 பதிப்பில் எல்லையைச் சுருக்கிவிட்டார்கள்: அதுவரை நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அக்கம்பக்கம் முழுக்க நம்மவர், அதன்பின் அந்த யந்திரம் மட்டுமே.

ஸ்கேனருக்கு மாறாத ஒரே முகவரியை ஒதுக்கினோம். மற்ற எல்லோருக்கும், எனக்கும்தான், கடவுச்சொல். மடிக்கணினிக்குச் சொந்தக்காரரான மூத்த தோழர் மட்டும் இன்னும் கோபமாயிருக்கிறார்: “தோழர்களுக்குள்ள என்னய்யா பாஸ்வேர்டு?” அவரை நம்பாமலில்லை. அவர் கணினிக்குள் வேறு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.