பத்திரத்தில் ஒரு தாய், பெற்றவள் இன்னொருத்தி

இடம்பெயர்ந்து வந்த எம் குடும்பங்களுக்குப் பத்திரங்களின் அருமையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழை வீட்டோடு பறிகொடுத்துவிட்டு, உத்தேச வயதுச் சான்றிதழுக்காகக் கச்சேரிக்கும் கிராம சேவையாளர் வீட்டுக்கும் நடந்தவர்கள் நம்மிடையே பலர். பத்திரங்கள் யாவும் ஒழுங்காகக் கையிலிருந்தும், அவற்றில் எழுதப்பட்டுள்ள தாய் தன் தாயல்ல என்று கண்டு தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்நாட்டில் பிறந்து, கைக்குழந்தைகளாக ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். இப்போது நாற்பது வயதளவில், பெற்றவளைத் தேடி வருகிறார்கள்.

1980களில் ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டதாக 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று தெரிவித்தது. குழந்தைகளை விற்பதற்கென்றே 'பிள்ளைப் பண்ணைகள்' நடத்தப்பட்டதை அவ்வேளை சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன அந்நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். பண்ணை என்ற சொல்லைக் கோழிக்கும் மாட்டுக்கும் பாவித்துப் பழகிய நமக்கு இதைக் கேட்கவே உடல் கூசுகிறது.

நடந்த விதம் இதுதான். வறுமையில் வாடிய பெண்களையும், மணமாகாமல் கருவுற்று ஊருக்கு அஞ்சியிருந்த பெண்களையும் தரகர்கள் தேடிப் பிடித்தனர். சிலருக்குச் சொற்பப் பணம் கொடுக்கப்பட்டது. வேறு சிலரிடம் பிள்ளை பிறந்ததும் இறந்துவிட்டது என்றே சொல்லப்பட்டது. தத்தெடுப்புக்கு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். தாய் நேரில் வந்து சம்மதம் கூறவேண்டும். அதற்கெனக் கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தி, அவளைத் தாயாக நிறுத்தினார்கள். அவளுடைய பெயரே பத்திரங்களில் ஏறியது. பிள்ளையை வாங்கிய வெளிநாட்டுத் தம்பதியருட் பலர் அவளையே பெற்றவளென்று நம்பி, நன்றி கூறிச் சென்றார்கள்.

இலங்கை 1992 இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டார் தத்தெடுப்பதைக் கட்டுப்படுத்தியது. 1973 முதல் 1997 வரை 881 இலங்கைப் பிள்ளைகளைப் பெற்ற சுவிற்சர்லாந்து 2020 இல் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து அரசு 2021 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. வருத்தமும் மன்னிப்பும் தாயின் விலாசத்தைத் தந்துவிடுவதில்லை.

தேடுபவர் முதலில் பிறப்புப் பதிவையும் நீதிமன்றக் கோவையையும் பார்க்கிறார். பெயர் பொய்யென்றால் பாதை அங்கேயே அடைபட்டுவிடும். மிஞ்சியிருப்பது மரபணுச் சோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும். தாய்க்கும் பிள்ளைக்கும் மரபணுவிற் பாதி ஒன்றாயிருக்கும்; ஒன்றுவிட்ட சகோதரருக்கிடையே ஏறக்குறைய எட்டிலொரு பங்கு. ஆனால் இரு பக்கத்தாரும் சோதனை செய்திருந்தாலன்றிப் பொருத்தம் தெரியாது. ஐரோப்பாவிலுள்ள பிள்ளை செய்துவிடுகிறது. இங்கே தோட்டத்திலோ கிராமத்திலோ இருக்கும் தாய் அப்படியொரு சோதனை இருப்பதையே அறியாள். பிள்ளை இறந்ததென்று நம்பியிருப்பவள் எதைத் தேடுவாள்?

நம் ஊருக்கும் ஒருநாள் இப்படி ஒருவர், ஒரு பழைய படத்தோடு வரக்கூடும். படத்தைச் சந்தியிலே தூக்கிக் காட்டி, இவளை யாருக்குத் தெரியுமென்று ஊரைக் கூட்டவேண்டாம். அந்தத் தாய் பின்னர் மணமுடித்து, கணவனிடமும் மக்களிடமும் ஒன்றும் சொல்லாமல் நாற்பது வருடம் வாழ்ந்திருக்கலாம். வந்தவருக்குத் தன் தாய் யாரென்று அறியும் உரிமை உண்டு. தாய்க்கும் தன் வாயால் சொல்லும் உரிமை உண்டு. நம்பிக்கைக்குரிய மூத்த பெண்ணொருவர் அவளைத் தனியே கண்டு பேசட்டும். அவள் மறுத்தால் அத்துடன் நிறுத்துவதே முறை. மனம் மாறினால் அறிவிப்பதற்கு வந்தவரின் விலாசத்தை மட்டும் வாங்கி வைக்கலாம்.

கூலிக்குத் தாயாக நின்ற பெண்களிலும் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களும் ஏழைகளே. பிள்ளையைத் தம் கையிலே தந்த தரகர் யார், எந்த ஆஸ்பத்திரி வாசலில் தந்தார் என்பது அவர்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களைத் திட்டித் துரத்தாமல், உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.