மாத்திரைக்கு அடங்காத சுகர்... பெரியவங்களுக்கும் வரும் டைப் 1! கரிசல் ஊர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"28 வயசுதான ஆகுது, அதுக்குள்ள சுகரா?" இப்படிக் கேட்காத சொந்தக்காரங்க நம்ம ஊர்ல கிடையாது. அடுத்த வசனமும் நமக்கு மனப்பாடம். "மாத்திரையப் போடு, அரிசிச் சோத்தைக் குறை, காலையில நட. எல்லாம் சரியாப் போகும் தாயி."

பலருக்கு இந்த அட்வைஸ் ஓரளவு பொருந்தும். ஐ.சி.எம்.ஆர் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது டைப் 2.

ஆனால், சிலர் மாத்திரையை நேரம் தவறாமல் போடுவார்கள். சோற்றைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள். தினமும் நடக்கவும் செய்வார்கள். அப்படியும் சுகர் இறங்காது, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். "நீ ஒழுங்கா சாப்பாட்டைக் கட்டுப்படுத்தல" என்று திட்டு வேறு விழும். இவர்களில் சிலருக்கு இருப்பது டைப் 2 இல்லை, டைப் 1.

"அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதாச்சே?" என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

டைப் 1-க்கு வயசு கிடையாது

சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்து, குளுக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. அதை செல்களுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். டைப் 2-வில் சாவி இருக்கும், பூட்டு சரியாகத் திறக்காது. டைப் 1-ல் சாவி செய்யும் பட்டறையே அழிந்துபோகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரி என்று நினைத்துத் தாக்கிவிடும். இனிப்பு அதிகம் சாப்பிட்டதாலோ, சோம்பேறித்தனத்தாலோ வருவது இல்லை இது.

குழந்தைகளுக்கு இந்தத் தாக்குதல் வேகமாக நடக்கும். பெரியவர்களுக்குப் பல நேரம் மெதுவாக, மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நடக்கும். இந்த மெதுவான வகையை 'லாடா' என்கிறார்கள். சில டாக்டர்கள் 'டைப் 1.5' என்றும் சொல்வதுண்டு. கொஞ்சம் இன்சுலின் மிச்சமிருப்பதால் ஆரம்பத்தில் மாத்திரை வேலை செய்வதுபோலவே தெரியும். அதனால்தான் டைப் 2 என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தகவல்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. 60 வயதுக்குள் டைப் 1 வருபவர்களில் 42 சதவிகிதம் பேருக்கு, அது 30 வயதுக்குப் பிறகுதான் வந்திருந்தது.

அந்நாட்டின் பிரதமராக இருந்த தெரசா மேவுக்கு நடந்ததும் இதுதான். உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2012-ல், 56 வயதில் சுகர் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் டைப் 2 என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. மறுபடி டெஸ்ட் எடுத்தபோதுதான் டைப் 1 என்று தெரிந்தது. அதன்பிறகு தினமும் பல முறை இன்சுலின் போட்டுக்கொண்டே 2016-ல் பிரதமரானார். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவருக்கே முதல் ரவுண்டில் டைப் மாறிப்போனது என்றால், நம்ம ஊரில் நடப்பதில் ஆச்சர்யமில்லை.

வெயிலுக்குள் ஒளிஞ்சுக்கும் அறிகுறிகள்

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, அசதி, மங்கலான பார்வை. இவைதான் முக்கிய அறிகுறிகள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இங்கே எல்லாவற்றுக்கும் வேறொரு காரணம் கைவசம் இருக்கும்.

சித்திரை வெயிலில் தாகம் எடுக்காதா? உளுந்துக் காட்டில் களை எடுத்தால் இளைக்க மாட்டோமா? தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தால் அசதியாக இருக்காதா? இப்படியே வாரங்கள் ஓடிவிடும்.

ஒரு சின்ன வித்தியாசம் கவனியுங்கள். வெயில் தாகம், தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்தால் அடங்கும். வியர்வையில் தண்ணீர் போவதால் சிறுநீரும் குறைவாகத்தான் வரும். ஆனால், குடிக்கக் குடிக்கத் தாகம், கூடவே ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, பேன்ட்டோ ஜாக்கெட்டோ லூஸாகிவிட்டது என்றால், அன்றைக்கே சுகர் பாருங்கள்.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. இவை சேர்ந்து வந்தால் அது எமர்ஜென்சி. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். 'சூட்டு வலி'ன்னு சோடா குடித்துக்கொண்டு காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 108-க்குப் போன் பண்ணிடுங்க.

எந்த டைப்னு எப்படித் தெரியும்?

விரலில் குத்திப் பார்க்கும் சுகர் டெஸ்ட்டும், மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி-யும் 'சுகர் இருக்கா' என்று மட்டும்தான் சொல்லும். எந்த டைப் என்று சொல்லாது. அதற்கு இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, 'காட் ஆன்டிபாடி'. கணையத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, 'சி-பெப்டைட்'. உங்கள் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று பார்ப்பது.

எல்லோருக்கும் இது தேவையில்லை. ஒல்லியான உடல்வாகு, வேகமாக எடை குறைவது, சில மாதங்களிலேயே மாத்திரை பலிக்காமல் போவது, குடும்பத்தில் தைராய்டு போன்ற ஆட்டோ இம்யூன் பிரச்னை இருப்பது... இவற்றில் ஏதாவது பொருந்தினால், "டாக்டர், எனக்கு டைப் 1 ஆக இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

அதேநேரம், 'ஒல்லியா இருக்கேன், அப்போ டைப் 1-தான்' என்று நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. நம் நாட்டில் ஒல்லியானவர்களுக்கும் டைப் 2 வரும். ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய ஒரு வகையை, 2025-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 'டைப் 5' என்று தனியாகவே அங்கீகரித்திருக்கிறது. டெஸ்ட்தான் பதில் சொல்லணும்.

டைப் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்தே மாறும். சில புதிய சுகர் மாத்திரைகள், குறிப்பாக டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்ந்தவை, டைப் 1 இருப்பவர்களுக்கு சுகர் அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஆபத்தைக் கொண்டுவரலாம்.

'இன்சுலின்னா கடைசி ஸ்டேஜ்' என்பது பொய்

"ஊசி வரைக்கும் போயிடுச்சா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். டைப் 1-ல் இன்சுலின் கடைசி மருந்து அல்ல. முதல் மருந்தே அதுதான்.

1921-ல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் குழுவினர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாகப் போட்டார்கள். அதற்கு முன்பு டைப் 1 என்றால், பட்டினி போட்டு சில மாதங்களோ, கொஞ்ச காலமோ உயிரை இழுத்துப்பிடிப்பது மட்டும்தான் வழி. பான்டிங் பிறந்த நவம்பர் 14-தான் இன்று உலக நீரிழிவு தினம்.

இன்சுலின் ஆரம்பித்தவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஊசி போட்ட சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தெம்பாகி மறுபடி இன்சுலின் சுரக்கும். சுகர் அழகாக இறங்கும். இதை டாக்டர்கள் 'ஹனிமூன் பீரியட்' என்கிறார்கள். சில மாதங்கள் நீடிக்கலாம். சரியாக அந்த நேரத்தில் யாராவது ஒரு சூரணத்தையோ கஷாயத்தையோ கொடுத்திருந்தால், "பார்த்தியா, நாட்டு மருந்துல குணமாயிடுச்சு" என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஹனிமூன் முடியும்போது நேராக ஐ.சி.யூ-தான். டைப் 1-ஐ முழுசாகக் குணமாக்கும் சூரணமோ, கஷாயமோ, பத்தியமோ இன்றுவரை இல்லை. காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளில்கூட இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றணும்.

இன்னொரு விஷயம். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். இரண்டையும் மாற்றிப் போட்டால் டோஸ் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். மெடிக்கலில் வாங்கும்போது மூடியின் கலரைப் பாருங்க.

கம்பு, கருப்பட்டி, கடலை மிட்டாய்

"கம்மங்கூழ் குடி, சுகர் ஏறாது" என்பது கரிசல் காட்டின் செல்ல நம்பிக்கை. கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் நார்ச்சத்துள்ள நல்ல சாப்பாடுதான். ஆனால் 100 கிராம் கம்பில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. சிறுதானியமாக இருந்தாலும் அளவு உண்டு, அந்த அளவுக்கு இன்சுலினும் உண்டு. கருப்பட்டியும் சர்க்கரைதான். 'நாட்டுச் சர்க்கரை' என்று பெயர் இருப்பதால் கணையம் ஏமாறாது.

டைப் 1-ல் சாப்பாட்டை வெட்டுவதைவிட, சாப்பாட்டையும் இன்சுலினையும் பொருத்துவதுதான் வேலை. எவ்வளவு சோறு, எத்தனை தோசைக்கு எத்தனை யூனிட் என்று கற்றுக்கொண்டால், கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்காரலாம்.

அடுத்து லோ சுகர். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, திடீர் கோபம், பேச்சுக் குழறல். சுகர் 70-க்குக் கீழே போனால் இப்படி ஆகும். கோவில்பட்டிக்காரர்கள் பையில் கடலை மிட்டாய்தான் இருக்கும். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிய மிட்டாய். ஆனால் லோ சுகருக்கு அது முதல் சாய்ஸ் இல்லை. கடலையில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடிக்கணும். 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சுகர் ஏறின பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், கடலை மிட்டாய் சாப்பிடலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீங்க, புரையேறிவிடும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கணும். பிரிட்ஜின் நடுத்தட்டு போதும், ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுவிடும். திறந்ததை அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் பயன்படுத்தலாம். ஆனால், கத்திரி வெயிலில் நம்ம ஊர் அறை, அறையாகவா இருக்கும்?

இதற்கு மண்பானையே கைகொடுக்கும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நன்றாகக் குளிரும் என்பதால், கடலோரத்தைவிட கரிசல் பூமிக்கு இது பொருத்தம். கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையைப் பின்பற்றி, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. 25 முதல் 37 டிகிரிக்குள் ஏறி இறங்கினாலும் நான்கு வாரத்துக்கு இன்சுலினின் வீரியம் குறையவில்லை. ஆனால் ஸ்கூட்டி டிக்கிக்குள் மதியம் ஏறும் சூடு இந்தக் கணக்கில் சேராது.

வேலை, கிரவுண்டு, பாதயாத்திரை

வாசிம் அக்ரமுக்கு டைப் 1 கண்டுபிடிக்கப்பட்டது 1997-ல், 30 வயதில். அதன்பிறகும் 2003 வரை ஆடினார். ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் பவுலர் ஆனது அந்த 2003 உலகக் கோப்பையில்தான்.

ஹாக்கி மட்டையோடு வளரும் கோவில்பட்டிப் பசங்களும் கிரவுண்டை விட வேண்டியதில்லை. விளையாடும் முன் சுகர் பாருங்கள், பாக்கெட்டில் குளுக்கோஸ் வையுங்கள், கூட ஆடும் ஒருத்தரிடமாவது விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இருக்கன்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதேதான். அன்றைய இன்சுலின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

காலை, மாலை இரண்டு வேளை மிக்ஸ்டு இன்சுலின் போடுபவர்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. தீப்பெட்டி ஆபீஸோ, ஜவுளிக்கடையோ, சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உயிரைக் காப்பாற்றும்.

கல்யாணப் பேச்சு வரும்போது...

ரொம்பப் பேர் ஊசியை மறைப்பது இங்கேதான். பெண்களுக்கு இந்த அழுத்தம் இன்னும் அதிகம். பாத்ரூமுக்குள் போய் ஊசி போடுவது, மாமியார் வீட்டில் டோஸைத் தவறவிடுவது என்று அது உடம்பைத்தான் பாதிக்கும்.

இது தொற்றாது. சுகரைக் கட்டுக்குள் வைத்துத் திட்டமிட்டால் கர்ப்பமும் பிரசவமும் சாத்தியம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்துக்கும் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ராத்திரி லோ சுகர் வந்தால் குளுக்கோஸ் கலக்கிக் கொடுக்கப் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான், அவருக்குத் தெரிந்திருக்கணும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாத்திரை போட்டும் சுகர் இறங்காமல், எடை குறைந்துகொண்டே போகிறதா? சாப்பாட்டைக் குறை சொல்லும் முன், அடுத்த செக்கப்பில் அந்த இரண்டு டெஸ்ட்டுகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.