ஆய்க்குடிக்குப் பின்வாசல் வழியாக ஒரு ரவுண்டு!

வருஷக்கணக்காக அரைகுறையாய் நின்ற அந்த மேம்பாலத்தின் நிழலில், ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் அவசரமே இல்லை. உங்கள் பெங்களூரில் ஆரம்பித்துத் தென்காசிப் பக்கம் போய்ச் சேரும் ஒரு கதை இருக்கிறது. கேளுங்கள்!

1975. கடற்படை அதிகாரி ஆகியே தீருவது என்று பெங்களூர் தேர்வு முகாமுக்கு வந்து இறங்கினார் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் நான்காம் ஆண்டு மாணவர், தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடிக்காரர். (எழுத்தாளர் எஸ்.ரா. அல்ல, இவர் வேறு!) உடல்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. ராணுவ மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்தவருக்கு வைத்தியத்தோடு தெம்பையும் கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981இல், ஐ.நா. சபை ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடிய அதே வருஷம், ஓர் ஓலைக் கொட்டகையில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். அமர் சேவா சங்கம் என்று அதற்குப் பெயர். ஆமாம், அந்த ‘அமர்’ நம் டாக்டர்தான்! தென்காசிப் பக்கத்து அமைப்பு ஒன்று பஞ்சாபி டாக்டர் ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வருகிறது.

1992இல் இரண்டாவது ஹீரோவின் என்ட்ரி. எஸ். சங்கர ராமன், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். கணக்கு தெரிந்த ஆள் வந்தால் நடக்கக்கூடியது எல்லாம் நடந்தது. கொட்டகை போய், சுமார் 30 ஏக்கர் வளாகம் வந்தது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

விருதுக் கதை போதும், வாருங்கள், பின்பக்கம் போவோம். எனக்குப் பிடித்த இடம் அதுதான். சங்கத்துக்கென்று சொந்தமாகக் காலிப்பர் (கால் தாங்கி) பட்டறை உண்டு. இந்தத் தொழிலில் ஒரு சின்னப் பாதத்துக்குத் தாங்கு உறை, அதாவது ஸ்பிளிண்ட், செய்யும் கூத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் மாவுக்கட்டு போட்டுக் காலின் வார்ப்பை எடுக்கிறார்கள். குழந்தை “வேண்டாம்” என்று அலறும், அம்மா கிலுகிலுப்பை ஆட்டுவார், டெக்னீஷியன் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்தபடி அசையாமல் இருப்பார். வார்ப்புக்குள் பிளாஸ்டர் ஊற்றினால் அச்சு அசலாக ஒரு வெள்ளைக்கால். பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வைத்தால் சப்பாத்தி மாவாக இளகிவிடும். அதை அப்படியே அந்த வெள்ளைக்கால் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, ஆறியதும் வெட்டி, ஓரம் தேய்த்து, வார் தைத்தால் ஸ்பிளிண்ட் ரெடி. அடுத்த வருஷம் கால் வளர்ந்திருக்கும், மறுபடியும் முதலிலிருந்து! வளரும் பிள்ளைக்குப் பள்ளிச்சீருடை தைக்கிறவர்களுக்கே இந்த வலி புரியும்.

தெரபி அறை என்றால் பளபளக்கும் மெஷின்களை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பந்து, மர பெஞ்சு, மூலையில் சாய்ந்து உட்காரும் நாற்காலி, நிற்கவைக்கும் மரச்சட்டம், இருபுறமும் பிடித்து நடக்கும் கம்பி, அவ்வளவுதான். பந்தின் மேல் குப்புறப் படுத்து ஆடும் குழந்தைக்கு அது விளையாட்டு, தெரபிஸ்ட்டுக்கோ கழுத்தை நிற்க வைக்கும் வேலை. ரகசியம் இதுதான்: பாதி மருத்துவம், பாதி தச்சு வேலை!

ஆனால் நிஜமான திரைமறைவு வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. கூலிக்குப் போகும் அம்மா, நடக்காத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வாரம்தோறும் வர முடியுமா? இரண்டாம் மாதமே நின்றுவிடுவார், அவர்மேல் தப்பில்லை. அதனால் சங்கம் வழியை மாற்றியது. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகிறது. கையில் டேப்லெட், அதில் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலி. இன்று குழந்தை என்ன செய்தது, அடுத்த இலக்கு என்ன என்று எல்லாம் திண்ணையிலேயே பதிவாகிவிடும். பிசியோதெரபிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் அதைப் பார்த்து வழிகாட்டுவார்கள். அவர்கள் வராத நாட்களில் தெரபிஸ்ட் யார்? அம்மாதான், பாட்டிதான்!

எனக்கென்னவோ அந்த 30 ஏக்கரை விட இந்தத் திண்ணைதான் பெரிய சாதனை. கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கிடைக்கும். வெயிலில் வீடு வீடாகப் போகிறவருக்குச் சம்பளம் கேட்டால்தான் பலருக்கும் காது மந்தமாகிவிடும்.

குற்றாலச் சீசனுக்கு ரயிலேறும் பெங்களூர்த் தமிழர்களே, சாரலில் நனைந்தது போதும் என்று தோன்றும்போது ஒரு எட்டு ஆய்க்குடிக்கும் போய் வாருங்கள். பாலசுப்பிரமணியரையும் கும்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் தெருவில் ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காத குழந்தையோ, பத்து மாதமாகியும் உட்காராத குழந்தையோ இருந்தால், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொல்வதற்குத் தலையாட்டாமல், இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கோ குழந்தை மருத்துவரிடமோ அழைத்துப் போகச் சொல்லுங்கள்.