வைப்பாற்றின் கடைமடைக்கு வரும் கோட்டான்

சாத்தூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் அர்ச்சுனா நதி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே இதனோடு சேர்கிறது. பிறகு வைப்பாறு கிழக்கே ஓடித் தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சாத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் இங்கே பெய்யும் தண்ணீரும் அது அரித்துச் செல்லும் வண்டலும் போய்ச் சேர்வது அந்தக் கரைக்குத்தான். ஓதம் வற்றும்போது அங்கே வெளித்தெரியும் சேற்றை நம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து ஒரு பறவை வருகிறது.

பறவை நூல்கள் அதைக் குதிரைமலைக் கோட்டான் என்கின்றன, ஆங்கிலத்தில் கர்லியூ. ஆந்தையையும் கோட்டான் என்பதுண்டு, இது வேறு. மண்ணின் பழுப்பு நிறம், நீண்ட கால்கள், கீழ்நோக்கி வளைந்த மிக நீண்ட அலகு. உடல் நீளம் 50 முதல் 60 சென்டிமீட்டர். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். பெண் பறவை ஆணைவிடப் பெரியது, அதன் அலகும் நீளம். நன்கு வளர்ந்த பெண்ணின் அலகு 15 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

அந்த அலகை வெறும் இடுக்கி என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சேற்றுக்குள் அலகைச் செருகினால், கண்ணுக்குத் தெரியாத புழுவின் அசைவைக்கூட அது கண்டுகொள்ளும். அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் விலக்கி இரையைப் பிடிக்கவும் முடியும். வளைவு இருப்பதால் நேராக இறங்காத நண்டு வளைக்குள்ளும் துழாவலாம். உள்ளான் போன்ற குட்டை அலகுப் பறவைகள் சேற்றின் மேல்மட்டத்தில் மேய, ஆழத்தில் கிடப்பதைக் கோட்டான் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே திட்டில் பல இனங்கள் போட்டியில்லாமல் பசியாற முடிகிறது.

ஓதம் ஏறினால் சேறு மூழ்கிவிடும். அடுத்த வற்றம் வரை ஆளரவமற்ற, உலர்ந்த இடம் ஒன்று வேண்டும். உப்பளங்களும் மணல் திட்டுகளும் அப்போது கைகொடுக்கின்றன. மேய ஓரிடம், ஓய ஓரிடம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்தப் பறவை நிலைக்கும். ஓய்வில் இருப்பதை அடிக்கடி கிளப்பிவிட்டால், திரும்பிப் போகும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகக் கரையும்.

நம் கரைக்கு இவை ஆகஸ்ட், செப்டம்பரில் வரத் தொடங்குகின்றன; மார்ச், ஏப்ரலில் கிளம்புகின்றன. இளம் பறவைகள் சில முதல் கோடையில் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. நம் பக்கம் வருபவை பெரும்பாலும் உரால் மலைக்குக் கிழக்கே சைபீரியப் புல்வெளிகளில் பிறப்பவை. அங்கே தரையில் சிறு குழி பறித்துப் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் பறக்க மேலும் ஐந்து வாரமாகும். அதற்குள் பெண் பறவை பெரும்பாலும் கிளம்பிவிடும்; குஞ்சுகளைக் காப்பது தகப்பன் பொறுப்பு.

தரையில் கூடு கட்டுவதுதான் இதன் பலவீனம். ஐரோப்பாவில் தீவனப் புல்லை ஆண்டுக்குப் பல முறை இயந்திரத்தால் அறுக்கிறார்கள். கூடும் குஞ்சும் அதில் சிக்கிவிடுகின்றன. மிஞ்சுவதை நரியும் காகமும் தின்கின்றன. அயர்லாந்தில் 1980-களில் ஆயிரக்கணக்கில் இருந்த இணைகள், 2015-க்கும் 2017-க்கும் இடையே எண்ணியபோது 138 ஆகக் குறைந்திருந்தன. இந்தப் பறவை முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது என்பதால் சரிவு உடனே கண்ணில் படாது. வயதான பறவைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். அவற்றின் இடத்தை நிரப்ப இளையவை இருக்காது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 முதல் இதை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. இதன் உறவான மெல்லலகுக் கோட்டான், மொராக்கோவின் மெர்ஜா செர்கா கழிமுகத்தில் 1995 பிப்ரவரியில் கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் தேடிய பிறகு, 2025 அக்டோபரில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

சிவகாசி போன்ற பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன வேலை? தீபாவளி வரும் ஐப்பசியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். நெதர்லாந்தில் புத்தாண்டு இரவு வாணவேடிக்கையின்போது வானிலை ரேடாரில் பறவைகளைக் கண்காணித்தார்கள். நள்ளிரவு வெடிச் சத்தத்தில் நீர்நிலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் எழுந்து, ஐந்நூறு மீட்டர் உயரம் வரை அலைந்து திரிந்தது 2011-இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இருட்டில் அப்படிக் கிளம்பும் பறவைக்கு ஓய்வும் போகும், மேய்ச்சலும் போகும்.

இதற்காகப் பட்டாசுத் தொழிலையே குறை சொல்ல வேண்டியதில்லை. எங்கே வெடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதைப் பாராட்டி வனத்துறை அந்த ஊருக்கு இனிப்பு வழங்குகிறது.

வெடியைவிடப் பெரிய ஆபத்து இடம் பறிபோவது. கழிமுகச் சேற்றை நிரப்பிக் கட்டடம் எழுப்பினாலும், உப்பளங்களை வேறு தொழிலுக்கு மாற்றினாலும், ஆற்றில் மணலை அள்ளி வண்டல் வரத்தைக் கெடுத்தாலும் அடி விழுவது கடைமடையில் மேயும் பறவைக்குத்தான். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பட்டியல் மட்டும் சேற்றைக் காப்பாற்றாது. மேலிருந்து வரும் ஆறு உயிரோடு இருக்க வேண்டும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைகளை எண்ணி ஈபேர்டு இணையதளத்தில் பதிகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க்காரர்கள் அடுத்த பொங்கலில் ஒரு காலை தங்கள் ஊர்க் கண்மாயில் தொடங்கி, முடிந்தால் தூத்துக்குடி உப்பளம் வரை போய்ப் பார்த்துவிட்டுக் கண்ட எண்ணிக்கையைப் பதியலாம்.