காற்றைத் தேக்கி வைக்கும் காடம்பாறை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலிலும், உடுமலை, பல்லடம் பக்கமும் ஏராளமான காற்றாலைகள் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை அவற்றுக்கு நல்ல வேட்டை.

ஆனால் காற்று நம் சௌகரியம் பார்த்து வீசாது. ஊரே தூங்கும் நடுராத்திரியில் பிய்த்துக்கொண்டு அடிக்கும். வீட்டுக்கு வீடு விளக்கும் டிவியும் மிக்சியும் ஓடும் மாலை ஏழு மணிக்குச் சட்டென்று அடங்கிவிடும். மின்சாரத்தைக் கம்பியில் தேக்கி வைக்க முடியாது. செலவாகும் அதே நொடியில், செலவாகும் அளவுக்குத்தான் உற்பத்தியும் இருக்க வேண்டும். மின்சாரம் மிஞ்சினால், நன்றாகச் சுற்றுகிற காற்றாலையையே நிறுத்த வேண்டி வரும். சும்மா கிடைக்கும் காற்றை வேண்டாமென்று விடுவது எவ்வளவு வருத்தமான காரியம்!

இதற்கு ஒரு வழி கோவை மாவட்டத்து ஆனைமலையில் இருக்கிறது. வால்பாறை மலைப்பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் அது. 1987-இல் ஓடத் தொடங்கியது. மேலே காடம்பாறை அணை. கீழே மேல் ஆழியாறு அணை. இரண்டுக்கும் இடையே சுமார் 380 மீட்டர் உயர வித்தியாசம். நடுவில், மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த மின்நிலையத்தில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு.

இந்த இயந்திரங்கள்தான் அதிசயமே. மேலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்தால் சுழலி சுற்றும். அதனோடு இணைந்த ஜெனரேட்டர் மின்சாரம் தரும். ராத்திரியில் மின்சாரம் மிஞ்சும்போது அதே ஜெனரேட்டருக்கு மின்சாரத்தைக் கொடுப்பார்கள். உடனே அது மோட்டார் ஆகிவிடும்! சுழலி எதிர்த்திசையில் சுற்றி, பம்புபோல வேலை செய்து, கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிடும். மறுநாள் மாலை மின்தேவை கூடும்போது, மதகைத் திறந்தால் போதும். அதே தண்ணீர், அதே குழாய், அதே இயந்திரம்.

மலை எதற்கு, வீட்டு மொட்டை மாடி போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடித் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர், 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துளியும் இழப்பில்லாமல் மின்சாரமாக்கினாலும் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றேகால் மணி நேரம்கூட எரியாது. அதே 1,000 லிட்டர் 380 மீட்டரிலிருந்து விழுந்தால்? ஏறக்குறைய ஒரு யூனிட்! அந்தப் பல்பு நான்கு நாளுக்கு மேல் எரியும். உயரம்தான் இங்கே செல்வம்.

ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவழித்தால், திரும்பக் கிடைப்பது சுமார் 75 முதல் 80 யூனிட்தான். குழாயின் உராய்விலும் இயந்திரத்திலும் மீதி போய்விடும். நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். நிறுத்தி வைத்த காற்றாலையிலிருந்து ஒரு யூனிட்கூடக் கிடைக்காதே! காற்றாலைகள் பெருகப் பெருக, காடம்பாறை போன்ற நிலையங்கள் இன்னும் பல நமக்கு வேண்டும்.

உங்கள் வீட்டு மின் கணக்கீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் என்று அதில் இருக்கும். யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் தொட்டி ஒன்று என்று வைத்துக்கொண்டால், அத்தனை தொட்டித் தண்ணீர் காடம்பாறையிலிருந்து இறங்க வேண்டும். எத்தனை லிட்டர் வருகிறது என்று நீங்களே கணக்கிட்டு, வகுப்பில் நண்பர்களிடம் சொல்லுங்கள்.